லைல் ஜெலினெக் பார்த்த தலையசைப்பு

எங்கள் ஊரான கார்வர் ஃபோர்க்கில் வியாழக்கிழமை என்றால் மாட்டு ஏலம். மணற்குன்றுகளின் நாலா பக்கத்திலிருந்தும் கன்றுகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வெளிச்சம் வருவதற்குள் வந்து வரிசை கட்டிவிடும். ஏலக் கொட்டகையின் மூலையில் என் சாப்பாட்டுக் கடை, டார்லீன் கடை என்பார்கள். சமையல் மேடைக்கு எதிரே ஒரு சன்னல் உண்டு. அதைத் திறந்தால் நடுவில் மாடுகளை ஓட்டிவந்து காட்டுகிற, இரும்புக் கம்பி அடைத்த வளையமும், அதைச் சுற்றிப் படிப்படியாக ஏறும் பெஞ்சுகளும் தெரியும். உருளைக்கிழங்கை வறுத்துக்கொண்டே எந்தக் கன்று யாருக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும், நீ கடை நடத்துகிறாயா ஏலம் நடத்துகிறாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாளும் எதையும் கருக விட்டதில்லை நான்.

மேடையில் உட்கார்ந்து ஏலம் கூவுகிறவர் வெண்டல். அவர் வாய் ஓடுகிற ஓட்டத்தில் பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லாரையும் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்குத்தான் வளையத்துக்குள் லைல் ஜெலினெக் நிற்பார். எங்கள் ஊரில் ஏலம் கேட்கிறவர்கள் கையைத் தூக்கமாட்டார்கள். அது வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் செய்கிற காரியம். ஒருவர் புருவத்தைத் தூக்குவார். இன்னொருவர் தொப்பி விளிம்பைத் தொடுவார். ஹாரல்ட் வ்ரானா தாடையை இம்மியளவு கீழே இறக்குவார், அவ்வளவுதான். லைல் அதைப் பார்த்து "யெப்!" என்று ஒரு குரல் கொடுப்பார். குரல் விழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது.

ஒரு வருஷம் ஹாரல்ட் ஒரு லாரிக் கன்றுகளுக்குத் தாடையை இறக்கிவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்தார். சாப்பாடு வருவதற்குள் ரேடியோவில் விலை சரிந்துவிட்டது என்ற செய்தி. பக்கத்தில் இருந்தவன், கழுத்து அரித்தது, சொறிந்தேன் என்று சொல்லிவிடு, வெண்டல் ஒத்துக்கொள்வார் என்று காதில் ஓதினான். ஹாரல்ட் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "லைல் பார்த்துட்டான்ல. அப்ப நான் கேட்டதுதான்" என்றார். கன்றுகளை ஏற்றிக்கொண்டு போனார். அந்த வருஷம் அவர் புது வண்டி வாங்கவில்லை, கூரையைச் சரி செய்யவில்லை. இன்னொருவன் இதே போல ஒரு நாள் தலையை ஆட்டிவிட்டு இல்லை என்று சாதித்தான். அதற்குப் பிறகு அவன் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் லைல் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். கடைசியில் அவன் தூரத்து ஊர் ஏலத்துக்குப் போக ஆரம்பித்தான்.

இதையெல்லாம் முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. லைலை முட்டாள் என்று பேசுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்கள் யாரும் வளையத்துக்குள் நின்றதில்லை.

லைலுக்கும் கார்லாவுக்கும் ஒரே மகள், ஆட்ரா. அப்பாவின் உயரம், அம்மாவின் வாய். சின்ன வயதில் அவர்கள் வீட்டுப் பக்கம் போனால் வைக்கோல் கொட்டகைச் சுவரில் பந்து மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் மாநிலத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் என்றால் உயிர். குளிர்காலம் முழுக்கப் பெரிய பல்கலைக்கழக ஆட்டங்களை டிவியில் பார்ப்பார்கள். ஆட்ரா அடிக்கிறவள் இல்லை. அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர். வேலை முழுக்க அவளுடையது, கைதட்டு வேறொருத்திக்கு. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடம் முடித்தபோது யாரும் அவளைத் தேடி வரவில்லை. கிழக்கே ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து டெங்லர் என்ற பயிற்சியாளர் அம்மாள் மட்டும் பனியில் வண்டியோட்டிக்கொண்டு வந்து, என் கடையில் உட்கார்ந்து, பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். முழு உதவித்தொகை. நர்சிங் படிப்பு. இரண்டு வருஷம் ஆட்ரா அங்கே ஆடினாள். வாரக் கடைசியில் ஆட்டம் என்றால் லைலும் கார்லாவும் காலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். கடை மூடியிருந்தால் நானும் பின் சீட்டில் ஏறிக்கொள்வேன்.

அந்த நவம்பரில் பார்த்த ஆட்டம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சின்ன அரங்கம், சோளப்பொரி வாசனை, எங்கள் பக்கம் பெற்றோர்கள் எல்லாரும் மார்பில் குடும்பப் பெயர் போட்ட சட்டை. எதிர்ப்பக்கப் பெஞ்சில் பெரிய பல்கலைக்கழகத்தின் தொப்பி போட்ட ஒரு ஆள் தனியாக உட்கார்ந்திருந்தான். ஸ்ட்ரிக்லர் என்று பெயர், அங்கே உதவிப் பயிற்சியாளன். எதிரணியில் ஒரு பெண்ணைத் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாவது செட்டில் ஆட்ரா பந்தைத் தூக்கிக் கொடுப்பது போலப் போய், கடைசி நொடியில் இடது கையால் வலைக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்டாள். எதிரணி நின்ற இடத்திலேயே நின்றது. லைல் எழுந்து நின்றார். திரும்பி உட்காரும்போது அவர் முகம் மாறியிருந்தது.

வீடு திரும்பும் வழியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. 

"பார்த்தியா?" என்றார் லைல்.

"எதை?" என்றாள் கார்லா.

"அந்தத் தொப்பிக்காரன. என் சட்டையில இருந்த பேரப் படிச்சான். புள்ளையப் பார்த்தான். மறுபடி என்னப் பார்த்துத் தலைய அசைச்சான்."

"மரியாதைக்கு ஆட்டியிருப்பான்."

"மரியாதைக்கு ஆட்டுற தலை வேற, வாங்குறதுக்கு ஆட்டுற தலை வேற. இத்தன வருஷமா நான் வேற என்னத்தப் பார்த்துக்கிட்டு இருக்கேன்?"

"அவ என்ன கன்னுக்குட்டியா?"

லைல் கொஞ்ச தூரம் போன பிறகு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "வாயத் தொறந்து பேசினா அவனுக்குத் தண்டனை. பேச முடியாதவன் தலையத்தான ஆட்டுவான்?"

அதிலும் நியாயம் இருந்தது. கல்லூரி மாற விரும்புகிற விளையாட்டுப் பிள்ளைகள் போர்ட்டல் என்கிற ஒரு பட்டியலில் பெயரைக் கொடுக்க வேண்டும். ஆட்டக் காலம் முடிந்ததும் சில வாரங்கள்தான் அது திறந்திருக்கும். பெயர் ஏறிய பிறகுதான் மற்றக் கல்லூரிக்காரர்கள் அந்தப் பிள்ளையிடம் பேசலாம். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசினாலும் குற்றம். ஆக, யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாமலேயே பிள்ளை இருக்கிற இடத்தை விட்டு வெளியே வந்து நிற்க வேண்டும்.

ஆட்டக் காலம் முடிந்து ஆட்ரா வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, இலவங்கப்பட்டை ரோல் என்கிற இனிப்பு ரொட்டிச் சுருள் எடுத்துக்கொண்டு நான் போனேன். கார்லா சில்லி வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அது இரண்டும் சேர்ந்தால்தான் சாப்பாடு. ரோலைக் கிழித்துச் சில்லியில் தோய்த்தபடி ஆட்ரா தன் கல்லூரியைப் பற்றிச் சொன்னாள். டெங்லர் அம்மாள் நல்லவர், வரும் வருஷம் அவளைத்தான் அணித்தலைவியாக்கப் போகிறார், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு இடமும் கிடைத்துவிட்டது. சொல்லி முடித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒரே ஒரு தடவை அந்தப் பெரிய அரங்கத்துல நின்னு ஆடிப் பார்க்கணும்னு இருக்கு" என்றாள். "நம்மால முடியுமா முடியாதான்னாவது தெரியும்ல."

கார்லா கேட்டாள்: "போட்ட பேர திரும்ப எடுக்க முடியுமா?"

"எடுக்கலாம். ஆனா கோச் என்னத் திரும்பச் சேர்த்துக்கணும்னு கட்டாயம் இல்ல. பேர் ஏறிட்டா உதவித்தொகையையும் இந்தப் பருவத்தோட நிறுத்திக்கலாம். அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு."

"அப்ப பேசாம இருக்கிற எடத்துல இரு."

"அம்மா, நீ எப்பவும் இதைத்தான் சொல்வ."

"நான் சொன்னத எப்பக் கேட்ட நீ? குதிரையில ஏறாதன்னேன், ஏறிக் கைய ஒடிச்சுக்கிட்ட."

ஆட்ரா சிரித்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "நிச்சயமாப் பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன்" என்றார் லைல்.

அந்த வீட்டில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் பேச்சு கிடையாது. அவர் பார்த்தேன் என்று சொல்லி நம்பாமல் இருந்தவர் மூன்று மாவட்டத்தில் யாரும் இல்லை. கார்லா எழுந்து பாத்திரங்களை எடுத்தாள். நான் துடைத்து வைத்தேன்.

திங்கட்கிழமை ஆட்ரா டெங்லர் அம்மாளிடம் நேரில் போய்ச் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் கைபேசியில் ஒரு வரி அனுப்பிவிட்டு மறைந்துவிடுவார்களாம். அந்த அம்மாள் திட்டவில்லை. உன் இடத்தை நான் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, அது உனக்குத் தெரியுமில்லையா என்று மட்டும் கேட்டிருக்கிறார். தெரியும் என்று இவளும் சொல்லியிருக்கிறாள்.

பெயர் ஏறிய அன்றே ஸ்ட்ரிக்லர் கூப்பிட்டான். லைலின் கண் தப்பவில்லை. இதைத்தான் நான் எல்லாரிடமும் அடித்துச் சொல்வேன். அந்த வியாழக்கிழமை லைல் கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் வாங்கிக் கொடுத்தார். வெண்டல் மைக்கிலேயே, ஜெலினெக் வீட்டுப் பெண்ணுக்குப் பெரிய இடத்தில் கேள்வி விழுந்திருக்கிறது என்று கூவினார். பெஞ்சுகளில் பூட்ஸ் காலால் தட்டினார்கள்.

அடுத்த வாரம் குடும்பமாகப் போய் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். உடை மாற்றும் அறையில் ஆட்ராவின் பெயர் எழுதிய அலமாரி. அவர்களுடைய சட்டையைப் போட்டு, பெரிய விளக்குகளுக்குக் கீழே நிற்க வைத்துப் புகைப்படம். கிளம்பும்போது ஸ்ட்ரிக்லர் லைலின் கையைப் பிடித்துக் குலுக்கி, பண்டிகை முடிந்ததும் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை அனுப்பிவிடுவோம் என்றானாம். கார்லா அந்தப் புகைப்படத்தை எனக்குக் காட்டினாள். ஆட்ரா அதில் சின்னப் பிள்ளை போல இருந்தாள்.

நடுவில் வேறு மூன்று நான்கு கல்லூரிகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். ஒன்று முழு உதவித்தொகையோடு, நர்சிங்கும் உண்டு என்று சொன்ன இடம். என்ன சொல்லட்டும் என்று ஆட்ரா அப்பாவிடம் கேட்டாள். தீவனம் அள்ளிக்கொண்டிருந்த லைல் கவைக்கோலைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டுச் சொன்னது இது: "வித்த மாட்ட மறுபடி வளையத்துக்குள்ள ஓட்டமாட்டோம். பேச்சு முடிஞ்சிருச்சு, நன்றின்னு மரியாதையாச் சொல்லிரு." அவளும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அப்படியே சொன்னாள். சிலர் ஆச்சரியப்பட்டார்களாம். ஒரு அம்மாள், தாள் கையில் வரும்வரை அப்படிச் சொல்லாதே கண்ணு என்றாராம். ஆட்ரா அதை வீட்டில் சொன்னபோது லைலுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மாள் எந்த ஊர்க்காரி என்று கேட்டார்.

பண்டிகை முடிந்தது. தாள் வரவில்லை. குளிர் இறங்கி, தண்ணீர்த் தொட்டிகள் காலையில் கல்லாகக் கிடந்தன. லைலும் ஆட்ராவும் கோடாலியால் உடைத்தார்கள். ஆட்ரா கையுறைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டே வேலை செய்தாள் என்று கார்லா சொன்னாள். இவள் கூப்பிட்டால் ஸ்ட்ரிக்லர் எடுப்பதில்லை. முதலில், வேலையாக இருக்கிறோம், பேசுகிறேன் என்று செய்தி வந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஜனவரியில் ஒரு நாள் மதியம் கைபேசியிலேயே சேதி வந்தது. தெற்கே ஒரு பேர்போன பல்கலைக்கழகத்தின் செட்டர், ஆட்ராவைவிட ஒரு சாண் உயரம், போர்ட்டலில் பெயர் கொடுத்து ஸ்ட்ரிக்லரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். புகைப்படத்தில் அதே விளக்குகள், அதே சட்டை. ஆட்ரா அதை அம்மாவிடம் நீட்டிவிட்டு மாட்டுப் பட்டிக்குப் போனாள். சாயங்காலம் ஸ்ட்ரிக்லரிடமிருந்து ஒரு வரி வந்தது, உன் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்று.

லைல் நிலத்தொலைபேசியிலிருந்து அவனைக் கூப்பிட்டார். தெரியாத எண் என்பதால் எடுத்துவிட்டான். கார்லா பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். அந்தப் பக்கம் அவன் நெடுநேரம் பேசினான், மரியாதையாகவே பேசினான். எல்லா வாய்ப்புகளையும் பார்த்துத்தான் முடிவு செய்வோம், எழுத்தில் நாங்கள் எதுவும் கொடுக்கவில்லையே என்றான். லைல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ தலைய அசைச்சியே" என்றார்.

அவன் புரியாமல், என்ன என்று கேட்டான். லைல் ரிசீவரை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் போவது என்றால் எனக்குக் கால் வராது. ஆனாலும் போனேன். ஆட்ரா தான் நன்றி சொல்லி அனுப்பிய கல்லூரிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். முழு உதவித்தொகை தருகிறேன் என்ற இடத்தில் ஆள் எடுத்தாயிற்று. ஒரு இடத்தில் வந்து ஆடு, பணம் நீயே கட்டிக்கொள் என்றார்கள். இன்னொரு இடம் நாலு மாநிலம் தள்ளி. அங்கே நர்சிங்கும் இல்லை, இவள் இரண்டு வருஷம் படித்ததில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். அவள் பெயரைப் போல ஆயிரக்கணக்கான பெயர்கள் அந்தப் பட்டியலில் அப்படியே கிடந்தன. பழைய கல்லூரியில் பணம் கட்டிப் படிக்க ஜெலினெக் குடும்பத்தால் ஆகாது. ஆஸ்பத்திரிப் பயிற்சி இடமும் அந்த மாதமே வேறொருத்திக்குப் போனது.

ஒரு நாள் காலையில் லைல் என் கடைக்கு வந்தார். சாவு வீட்டுக்கும் கோவிலுக்கும் மட்டும் போடுகிற தொப்பியைப் போட்டிருந்தார். ஒரு தட்டு ரோல் வேண்டும், நன்றாகச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கட்டு என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த டெங்லர் அம்மாள் முன்பு வந்தபோது இரண்டு ரோல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எனக்கும் ஞாபகம் இருந்தது.

அங்கே நடந்ததைக் கூடப் போன கார்லா சொன்னாள். லைல் தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்காராமலேயே நின்றிருக்கிறார். தப்பு என் மேல, புள்ள மேல இல்ல, நான்தான் போகச் சொன்னேன் என்றிருக்கிறார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷப் படிப்பு மட்டும் உள்ள ஒரு ஜூனியர் கல்லூரியில் ஒரு பெண் இருக்கிறாள், அவளை ஆட்ராவின் இடத்துக்கு எடுத்துவிட்டேன் என்றார். தாள் போட்டாயிற்றா என்று கார்லா கேட்டாள். இன்னும் இல்லை என்று அந்த அம்மாள் உண்மையைச் சொன்னார். கார்லாவுக்கு அந்த நொடியில் உயிர் வந்தது.

"ஆனா வர்றேன்னு அவளும், எடுத்துக்கிறேன்னு நானும் பேசிட்டோம் மிஸ்டர் ஜெலினெக்" என்றாராம் டெங்லர். "அதை நம்பி அந்தப் பொண்ணு வேற எடத்தையெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டா. இப்ப நான் மாத்திப் பேசணும்னு நீங்க சொல்றீங்களா?"

கார்லா ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். லைல் அவள் தோளில் கை வைத்தார். "இல்லம்மா. அப்படிச் சொல்ல வரல" என்றார். தொப்பியைத் தொட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வழியெல்லாம் கார்லா அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் வந்திருக்கிறாள். உனக்கு மகள் பெரிதா, எவளோ ஒருத்தியின் வாக்கு பெரிதா என்று கேட்டிருக்கிறாள். லைல் கடைசியில் சொன்ன ஒரே பேச்சு, "அந்தம்மா ஒருத்திதான் நம்ம ஆள் மாதிரி நடந்துக்கிட்டா" என்பதுதான். இதைச் சொல்லும்போது கார்லா என் கடைப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகை.

பிப்ரவரியில் ஆட்ரா கொட்டகை வேலைக்கு வர ஆரம்பித்தாள். பட்டியிலிருந்து மாடுகளை ஓட்டிவந்து வளையத்தின் கதவைத் திறந்து உள்ளே விடுகிற வேலை. அது தற்காலிகம் என்று கார்லா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். கோடையில் இன்னொரு தடவை எல்லாக் கல்லூரிக்கும் எழுதிப் பார்ப்போம், ஜூனியர் கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை, ஆட்டத்தை விடக் கூடாது என்பது அவள் பிடிவாதம். ஆட்ரா மதியம் என் கடையில் சூப்பைக் குடித்துவிட்டு, சட்டையெல்லாம் சாணத்தோடு, சன்னலோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவள் விரல்களைப் பார்த்தேன். ஆடுகிற காலத்தில் வெள்ளை டேப் சுற்றி வைத்திருப்பாள். இப்போது கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன.

"அப்பா மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவப்படத்தான் பார்க்குறேன் டார்லீன். வர மாட்டேங்குது" என்றாள். "அவர் பார்த்தது சரிதான. நானும்தான ஆசைப்பட்டேன்."

லைல்தான் மாறிக்கொண்டிருந்தார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. குரல் கொடுப்பதில் ஒரு தயக்கம். தொப்பியைத் தொடுகிறவரை இரண்டு தடவை பார்ப்பார். வெண்டல் கூவிக்கொண்டே கண்ணைக் காட்டுவார், அதற்குள் விலை தாண்டிப் போய்விடும். இரண்டு மூன்று பேர் தாங்கள் கேட்ட மாடு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று முணுமுணுத்தார்கள். வயசாகிறது என்றார்கள், கண்ணாடி போடச் சொல் என்றார்கள். அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். மேசையில் ஈ உட்கார்ந்தால் அடுத்த அறையிலிருந்து சொல்வார்.

சினை மாடுகள் வந்த ஒரு வியாழக்கிழமை. வெளியே பனி குறுக்காக வீசிக்கொண்டிருந்தது, கொட்டகை நிறையக் கூட்டம். நல்ல கறுப்பு மாடுகள் ஒரு கூட்டமாக உள்ளே வந்தன. வெண்டல் ஏற்றிக்கொண்டே போனார். மேல் பெஞ்சில் ஹாரல்ட் வ்ரானா எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். தாடையை இறக்கினார். சன்னலிலிருந்து நானே பார்த்தேன்.

லைல் குரல் கொடுக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெண்டலின் ஓட்டம் தடைப்பட்டு நின்றது. ஏலத்தின் நடுவில் அவர் வாய் நின்று நான் அதுவரை கேட்டதில்லை. மாடுகள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"ஹாரல்ட், அது ஏலம் கேட்டதா?" என்றார் லைல். "வாயால சொல்லு."

ஹாரல்ட் மெல்ல எழுந்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அடித்திருந்தால்கூட அந்த மனிதருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"இத்தன வருஷத்துல நீ என்கிட்ட இதக் கேட்டதில்ல லைல்."

"இப்பக் கேக்குறேன்."

 எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. அப்போது வளையத்தின் கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் விழுந்தது.

"யெப்!"

ஆட்ரா கதவுக் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையை ஹாரல்ட் இருந்த திசையில் உயர்த்தியிருந்தாள். தலைக்கு மேலே விரல் விரித்து, பந்துக்கு நிற்கிற அதே கை. ஒரு நொடி கழித்து வெண்டல் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்தார். ஹாரல்ட் உட்கார்ந்தார். எதிர்ப் பெஞ்சில் ஒருவர் புருவத்தைத் தூக்கினார். "யெப்!" என்றாள். ஹாரல்ட் மறுபடி தாடையை இறக்கினார். அதையும் பிடித்தாள். மாடுகள் ஹாரல்டுக்கே போயின.

லைல் வளையத்தின் நடுவிலிருந்து நடந்து கதவுக்கு வந்தார். மகளின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். அவள் ஏதோ சொன்னாள், என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் நடுவைக் கைகாட்டினார். அவள் போய் அவர் நின்ற இடத்தில் நின்றாள்.

மீதி மாடுகள் முழுவதையும் அவள்தான் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. குரலும் நல்ல குரல், அரங்கத்து இரைச்சலில் கூப்பிட்டுப் பழகியது. பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு ஏலம் கேட்பதில் இறங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் அவள் திணறியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் போலத் தோன்றியது. கார்லா என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

கடைசிக் கூட்டம் போன பிறகு வெண்டல் தண்ணீர் குடித்தார். குனிந்து மைக்கை இழுத்து, எல்லாரும் கேட்கும்படி, "ஆட்ரா, இது உங்கப்பா எடம். இனிமே நீ நிக்குறியா? வருஷம் பூராவும்?" என்றார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது அது வேடிக்கையாக இல்லை.

கார்லா சன்னலில் சாய்ந்து, "வேண்டாம்னு சொல்லுடி" என்றாள். அவள் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஆட்ரா வளையத்தின் நடுவில், பூட்ஸ் புதைய மரத்தூளில் நின்றுகொண்டு பெஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. வெண்டலைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

கதவருகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற லைல் அதைப் பார்த்தார்.